அவரைப் பார்க்கப் போற வழியில பின்னல்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க வீட்டுக்காரர் மெல்பர்ன்ல வேலைக்குப் போய் இது நாலாவது வருஷம். நான் இங்க சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ போய்ட்டு வர்றேன். அதுக்கு முன்னாடி, நிச்சயம் ஆகி கல்யாணத்துக்குக் காத்துட்டு இருந்தப்போ அவர் கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல இருந்தார், அப்ப எனக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ். அந்தப் பஸ்ல ஆரம்பிச்சதுதான் இந்தப் பின்னல், இன்னிக்கு வரைக்கும் நூல் இல்லாம நான் கிளம்பினதே இல்ல.

சமூக மன்றத்துல சனிக்கிழமை பின்னல் வகுப்புக்கு வர்ற தங்கச்சிங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்க, சொந்தக்காரப் பொண்ணுங்கன்னு எல்லாரும் மாத்தி மாத்தி ஒரே சந்தேகத்தத்தான் கேக்குறாங்க, வாட்ஸ்அப்ல ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டுப் போட்டு தொண்டை கட்டிப் போச்சு. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்வி எல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

அக்கா, பின்னல் ஊசிய ஃப்ளைட்ல கைப்பையில கொண்டு போக விடுவாங்களா?

பெரும்பாலும் விடுவாங்க. அமெரிக்காவுல பாதுகாப்புச் சோதனை பாக்குற டிஎஸ்ஏ, ஸ்வெட்டர் ஊசியையும் நுனியில கொக்கி இருக்கிற குரோஷே ஊசியையும் கைப்பையில வச்சிக்கலாம்னே எழுதிப் போட்டிருக்காங்க, ஆஸ்திரேலியாவுலயும் விடுறாங்க. ஆனா எந்த நாடா இருந்தாலும் ஸ்கேனர் பக்கத்துல நிக்கிற அதிகாரி சொல்றதுதான் கடைசி முடிவு, அவர் வேணாம்னா வேணாம்தான், அங்க நின்னு வாதாடிப் பிரயோஜனம் இல்ல. அதனால நீளமான இரும்பு ஊசி ஜோடிய விட்டுட்டு, நடுவுல பிளாஸ்டிக் கயிறு வச்ச வட்ட ஊசி எடுத்துக்கோங்க, மூங்கிலா இருந்தா இன்னும் நல்லது. பாக்கவும் பயமா இருக்காது, சீட்டுக்கு அடியில உருண்டும் போகாது, முழங்கை பக்கத்து சீட்டுக்காரர் மேல இடிக்கவும் செய்யாது.

நம்ம சாங்கி ஏர்போர்ட் பத்தி ஒண்ணு கண்டிப்பா தெரிஞ்சிக்கணும். முதல் மூணு டெர்மினல்லயும் பைச் சோதனை கேட்லதான் நடக்கும், நாலாவது டெர்மினல்ல மட்டும் இமிகிரேஷன் தாண்டினதும் எல்லாருக்கும் ஒரே இடத்துல. கேட்ல ஏதாவது கூடாதுன்னு சொல்லிட்டாங்கன்னா அப்ப உங்க பெரிய பெட்டி கீழ போயிருக்கும், திரும்பி ஓடி அதுல போடவும் முடியாது, வழியனுப்ப வந்தவங்க கையில குடுக்கவும் முடியாது, அந்தப் பொருள் போனது போனதுதான். அதனால மனசுக்குப் பிடிச்ச ஊசி, யாராவது ஆசையா குடுத்த ஊசி எல்லாம் பெட்டியில போட்டுடுங்க, போனாலும் பரவால்லங்கிற ஊசி மட்டும் கைப்பையில. எந்த நாட்டுல இருந்து திரும்பி வர்றீங்களோ அந்த நாட்டு விதியும் தனியா பாத்துக்கோங்க, போகும்போது விட்டாங்கங்கிறதுக்காக வரும்போதும் விடுவாங்கன்னு எழுதி வைக்கல.

அப்ப கத்திரிக்கோல்?

வெட்டுற பகுதி ஆறு சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்ங்கிறதுதான் நிறைய நாட்டுல இருக்கிற அளவு. நான் கைப்பையில கத்திரிக்கோலே வேணாம்ங்கிற கட்சி. நகவெட்டி எடுத்துக்கோங்க, நூல அழகா வெட்டும், யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. கழுத்துல மாட்டிக்கிற வட்டமான நூல்வெட்டி ஒண்ணு விக்கிறாங்க பாருங்க, பாக்க டாலர் மாதிரி அழகா இருக்கும், ஆனா உள்ள பிளேடு இருக்கு, டிஎஸ்ஏ அதைக் கைப்பையில கூடாதுன்னு தெளிவா சொல்லியிருக்கு.

எங்க பாட்டி பூ கட்டும்போது நார் நறுக்க வச்சிருந்த குட்டி பித்தளை கத்திரிக்கோல் ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு. ஒரு பயணத்துல அவசரத்துல அது கைப்பையிலயே கிடந்திருக்கு, சோதனையில எடுத்துட்டாங்க. தப்பு முழுக்க என்னோடதுதான், ஆனாலும் அந்த ஃப்ளைட் முழுக்க அழுதுட்டே போனேன். அதுல இருந்து கிளம்புறதுக்கு முதல் நாள் ராத்திரி கைப்பைய மெத்தை மேல கவுத்துக் கொட்டி ஒவ்வொண்ணா பாத்துத்தான் திரும்ப அடுக்குறேன்.

எனக்குப் பின்னவே தெரியாது, போற வழியில யூடியூப் பாத்துக் கத்துக்கலாமா?

வேணாம்மா. முதல் தடவ கத்துக்கும்போது கண்ணி (ஊசியில நிக்கிற நூல் வளையம்) இறுகும், நழுவும், ஒரே வரிசைய பத்து தடவ பிரிக்க வேண்டி வரும், அதை விளக்கு அணைச்ச ஃப்ளைட்ல நடு சீட்டுல உக்காந்து பண்ணினா இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன்னு தூக்கிப் போட்டுடுவீங்க. கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடி வீட்ல உக்காந்து கண்ணி ஏத்துறது, நிட், பர்ல்னு ரெண்டு அடிப்படைக் கண்ணி, கடைசியில கண்ணி அடைக்கிறது, இந்த நாலும் கைக்குப் பழகட்டும். தெரிஞ்சவங்க பக்கத்துல உக்காந்து ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தா பத்து வீடியோவுக்குச் சமம்.

ரெண்டு ஊசியா, குரோஷேவா? எது பயணத்துக்கு லேசு?

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு குரோஷேதான் சொல்வேன். எந்த நேரமும் ஊசியில ஒரே ஒரு கண்ணிதான் இருக்கும், டக்குனு நிறுத்தினா அந்த ஒண்ணை மட்டும் கொஞ்சம் பெருசா இழுத்து விட்டுட்டு பையில போட்டுடலாம். ரெண்டு ஊசிப் பின்னல்ல அறுபது கண்ணி, நூறு கண்ணின்னு உயிரோட நிக்கும், ஊசி உருவிடுச்சுன்னா அத்தனையும் திரும்பக் கோக்கணும்.

ஆனா குளிர் நாட்டுல அவர் போட்டுக்கணும்னா ரெண்டு ஊசிப் பின்னல் துணிதான் மெத்துன்னு, நெகிழ்வா, உடம்போட ஒட்டி இருக்கும். குரோஷே கொஞ்சம் தடியா வரும், நூலும் கூட இழுக்கும்.

அவருக்கு ஸ்வெட்டர் பின்னணும்னு ரொம்ப ஆசை, ஃப்ளைட்லயே ஆரம்பிச்சிடவா?

இந்தக் கேள்விக்குத்தான் இவ்ளோவும் எழுத உக்காந்தேன். ஸ்வெட்டர் பின்னுங்க, ஆனா அதைத் தூக்கிட்டு அலையாதீங்க. என் வழக்கம் என்னன்னா எப்பவும் மூணு வேலை ஓடும். ஒண்ணு இங்க என் வீட்ல இருக்கும், அது பெரிய வேலை, ஸ்வெட்டரோ போர்வையோ, கவனமா எண்ணிப் பின்ன வேண்டியது. இன்னொண்ணு அவர் வீட்லயே இருக்கும், அங்க போனா மட்டும் எடுப்பேன், வரும்போது அப்படியே அலமாரியில வச்சிட்டு வந்துடுவேன். மூணாவது வழியில பின்றது, அது மட்டும்தான் என்கூட பயணம் பண்ணும்.

வழி வேலைக்கு ரெண்டே ரெண்டு தகுதிதான் பாக்கணும். எந்த நிமிஷமும் நிறுத்த முடியணும், ஏன்னா போர்டிங்னு கூப்புடுவாங்க, சாப்பாடு வரும், பக்கத்துல இருக்கிறவங்க எழுந்து போகணும்பாங்க. ரெண்டாவது, தொலைஞ்சு போனாலும் நெஞ்சு வெடிக்கக் கூடாது. தொப்பி, சாக்ஸ், மப்ளர், பாத்திரம் தேய்க்கிற காட்டன் துணி, இதெல்லாம் வழிக்கு நல்லா இருக்கும். போன ஜூன்ல நான் ஒரு சாக்ஸ இங்க இருந்து போகும்போதும் அதோட ஜோடிய திரும்பி வரும்போதும் பின்னினேன், ரெண்டாவது அவருக்குப் போய்ச் சேர அடுத்த பயணம் ஆச்சு, அது வரைக்கும் ஒத்தச் சாக்ஸ அவர் மேசையிலயே வச்சிருந்தார்.

அவர் வீட்லயே விட்டுட்டு வர்ற வேலைதான் இந்த மூணுல எனக்கு ரொம்ப முக்கியம். ஏர்போர்ட்ல கிளம்பும்போது வயித்தப் பிசையும்ல, அப்ப அங்க ஊசியில பாதி வரிசை நிக்குதுங்கிறது எனக்கு ஒரு பிடிப்பு. அவருக்கும் அப்படித்தான்னு சொல்லியிருக்கார், அலமாரி தொறந்தா அது கண்ணுல படுமாம்.

எவ்ளோ நூல் எடுத்துட்டுப் போகணும்?

தொப்பிக்கு நூறு கிராம் தாராளம். சாக்ஸ் நூல் நூறு கிராம் கண்டு ஏறக்குறைய 400 மீட்டர் வரும், ஒரு ஜோடிக்குப் போதும், ஏழரை மணி நேர மெல்பர்ன் ஃப்ளைட்ல அது முடியவே முடியாது. நாலு கண்டு எடுத்து அடைச்சிட்டுப் போறவங்கள பாத்திருக்கேன், மூணு திரும்பி வந்துடும். நூல ஜிப் வச்ச சின்னப் பையில போட்டு ஓரத்துல நுனிய மட்டும் வெளிய விடுங்க, பந்து உருண்டு நாலு வரிசை தாண்டிப் போச்சுன்னா எடுக்குறது கஷ்டம். நிறம் வெளிரா இருக்கட்டும், கறுப்பும் கருநீலமும் ராத்திரி ஃப்ளைட்ல கண்ணிய காட்டாது.

சிங்கப்பூர்ல நல்ல நூல் எங்க கிடைக்கும்? அங்க போய் வாங்கிக்கலாமா?

சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் சென்டருக்குப் போங்க, மாடியில நூல் கடை இருக்கு, வகுப்புல பாதிப் பேர் அங்கதான் வாங்குறோம். பழகிப் பாக்க டைசோ கடை நூல் போதும். ஊர்ல இருந்து வர்றவங்ககிட்ட சொல்லி விட்டா வர்த்மான் மாதிரி அக்ரிலிக் நூல் மலிவா வரும், ஆனா குளிருக்கு அக்ரிலிக்க விட கம்பளிதான். கம்பளி தன் எடையில மூணுல ஒரு பங்கு வரைக்கும் ஈரத்த உறிஞ்சிக்கிட்டும் தொட்டா ஈரமா தெரியாது, அக்ரிலிக் அப்படி உறிஞ்சாது, வேர்த்தா பிசுபிசுன்னு நிக்கும்.

உங்க ஆளு ஆஸ்திரேலியாவுல இருந்தா நூல அங்கயே வாங்குங்க. ஸ்பாட்லைட், லின்கிராஃப்ட்னு பெரிய கடைங்க இருக்கு. மெல்பர்ன்ல இருந்து 150 கிலோமீட்டர்ல பெண்டிகோன்னு ஒரு ஊரு, பழைய தங்கச் சுரங்க ஊரு, அங்க பெண்டிகோ வுலன் மில்ஸ்ல 200 கிராம் உருண்டையா கம்பளி நூல் விக்கிறாங்க, ஒரு உருண்டையில ரெண்டு தொப்பி. ரயில்ல ரெண்டு மணி நேரம்தான், நாங்க ரெண்டு பேரும் சனிக்கிழமை காலையில டிபன் கட்டிட்டுப் போய்ட்டு சாயந்திரம் திரும்பினோம். வருஷா வருஷம் ஜூலையில அந்த ஊர்லயே ஆட்டுக் கம்பளிக் கண்காட்சி நடக்கும், அந்த நேரம் போறவங்க விட்டுடாதீங்க.

நிறைய நூல் வாங்கிட்டு வந்தா இங்க வரி கட்டணுமா?

48 மணி நேரமோ அதுக்கு மேலயோ வெளியூர்ல இருந்துட்டு வந்தா 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் ஜிஎஸ்டி கிடையாது, அதுக்குக் குறைவா இருந்தா 100 வெள்ளி வரைக்கும்தான். அதுக்கு மேல போச்சுன்னா கூடுதலா இருக்கிற தொகைக்கு 9 சதவீதம். ஆனா வொர்க் பெர்மிட், எம்ப்ளாய்மெண்ட் பாஸ், ஸ்டூடன்ட் பாஸ், டிபெண்டன்ட் பாஸ்ல இருக்கிறவங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, இது நிறைய பேருக்குத் தெரியல. பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவுல ஜேபிக்கு (ஜொகூர் பாரு) ஒரு நாள் போய் மூட்டையா நூல் வாங்கிட்டு வர்றவங்களுக்கு அந்த 100 வெள்ளிக் கணக்குதான்.

என் ஆளு ஜேபிலதான் இருக்கார், பஸ்ல பின்ன முடியுமா?

பாலத்த தாண்டுற பஸ்ல முடியாது. கூட்டம், நின்னுட்டுப் போகணும், ரெண்டு பக்கமும் இறங்கி ஏறணும், ஊசி யார் மேலயாவது குத்தும். ஆனா நெரிசல்ல பஸ் நகராம நிக்கிற நேரம் உக்கார இடம் கிடைச்சிருந்தா குரோஷே பண்ணலாம், நான் பண்ணியிருக்கேன். கையில இருக்கிறத ஒரு செகண்ட்ல பையில போட முடியணும், அவ்ளோதான்.

கேஎல் பஸ் வேற கதை, அஞ்சாறு மணி நேரம், சோதனைச் சாவடி ரெண்டையும் தாண்டிட்டா ஹைவே நேரா போகும். தலை சுத்துதுன்னா கீழ குனிஞ்சு பாக்காதீங்க, விரலாலயே தடவிப் பின்ற மாதிரி வெறும் நிட் வரிசையா இருக்கிற மப்ளர் எடுத்துட்டுப் போங்க. என் முதல் மப்ளர் அப்படித்தான் இருட்டுலயே வளந்தது, ஓரம் ஒரு பக்கம் அகலம் ஒரு பக்கம் குறுகல், அதை இன்னும் அவர் போடுறார்.

ஊசியே வேணாம், எங்க அம்மா மாதிரி வயர் கூடை போட்டுட்டுப் போகலாமா?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. ஊசியும் வேணாம், கத்திரிக்கோலும் வீட்லயே முடிஞ்சிடும், வயர அளந்து வெட்டி எடுத்துட்டுப் போனா போதும். ஆனா பெரிய கூடைக்கு ஒவ்வொரு வயரும் கை நீளத்துக்கும் மேல இருக்கும், சீட்டுல உக்காந்து இழுத்தா பக்கத்துல இருக்கிறவங்க முகத்துல படும். சின்னதா, மொபைல் பை அளவுக்கு பிஸ்கட் முடிச்சோ நெல்லிக்காய் முடிச்சோ போடுங்க. சிவன் கண் முடிச்சுக்கு கண்ணும் மனசும் ஒரே இடத்துல இருக்கணும், அது உங்க வீட்லயே இருக்கிற வேலைக்கு வச்சிக்கோங்க. மெல்பர்ன்ல மார்க்கெட்டுக்கு அப்படி ஒரு கூடையோட போனப்போ தெரியாதவங்க மூணு பேர் நிறுத்தி இது எங்க வாங்கினதுன்னு கேட்டாங்க.

ஆஸ்திரேலியாவுல மூங்கில் ஊசி, கம்பளி எல்லாம் கார்டுல எழுதணுமா?

எழுதிடுங்க. இறங்கும்போது குடுக்கிற கார்டுல மரப் பொருள், செடி சம்பந்தப்பட்ட பொருள், மிருகத்துல இருந்து வந்த பொருள் இருக்கான்னு கேள்வி இருக்கும், மூங்கில் ஊசிக்கும் கம்பளி நூலுக்கும் நான் ஆமான்னுதான் டிக் போடுவேன். எடுத்துக் காட்டச் சொல்வாங்க, பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவாங்க, அஞ்சு நிமிஷ வேலை. சொல்லாம விட்டு மாட்டினாதான் அபராதம். கடையில விக்கிற சாயம் போட்ட கம்பளி நூல்ல பிரச்சினை இல்ல, ஆட்டுல இருந்து வெட்டி சுத்தம் பண்ணாத கம்பளி கொண்டு போகவே கூடாது.

நம்ம ஆளுங்க மாட்டுறது நூல்ல இல்ல, கூட வர்ற பொருள்ல. மாமியார் ஆசையா குடுத்து விட்ட பனை ஓலைப் பெட்டி, கோரைப் பாய், ருத்ராட்சம், கொட்டாங்குச்சி பட்டன், விதை கோத்த மணி, இதெல்லாம் கண்டிப்பா எழுதணும். டெக்கா மார்க்கெட்ல வாங்கின மல்லிப்பூவ தலையில வச்சிட்டே இறங்கலாம்னு நினைக்காதீங்க, ஃப்ளைட்லயே எடுத்துப் போட்டுடுங்க.

பேட்டர்ன்ல ஊசி நம்பர் 8ன்னு போட்டிருக்கு, அதே வாங்கினேன், ஆனா அளவு வேற மாதிரி வருது?

பழைய இங்கிலாந்து நம்பரும் அமெரிக்க நம்பரும் ஒண்ணுக்கொண்ணு தலைகீழ். இங்கிலாந்து 8ன்னா 4 மில்லிமீட்டர், அமெரிக்கா 8ன்னா 5 மில்லிமீட்டர். இங்கிலாந்து கணக்குல நம்பர் ஏற ஏற ஊசி ஒல்லியாகும், அமெரிக்கக் கணக்குல தடியாகும். பாட்டி காலத்து ஊசிங்க பெரும்பாலும் இங்கிலாந்து நம்பர்தான். அதனால நம்பர மறந்துட்டு மில்லிமீட்டர் மட்டும் பாருங்க.

குரோஷேலயும் இதே வம்பு, அமெரிக்காவுல சிங்கிள் குரோஷேன்னு சொல்றத இங்கிலாந்துல டபுள் குரோஷேம்பாங்க. பேட்டர்ன் எந்த நாட்டுதுன்னு பாக்காம ஆரம்பிச்சா தொப்பி ரெண்டு மடங்கு உயரமா வந்து நிக்கும். பேட்டர்ன ஃபோன்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்தும் வச்சிக்கோங்க, மேல போனதும் நெட் இருக்காது.

சர்ப்ரைஸா குடுக்கணும், அவர் அளவு தெரியாம எப்படிப் பின்றது?

தொப்பிக்கு அளவு பெருசா தேவையில்ல, ஆம்பளைங்க தலை பெரும்பாலும் 56ல இருந்து 58 சென்டிமீட்டருக்குள்ள, பின்னல் நெகிழும்ங்கிறதால 50, 52 வர்ற மாதிரி பின்னினா இறுக்கமா உக்காரும். சாக்ஸும் பாதத்தோட சுத்தளவ விட பத்துல ஒரு பங்கு குறைச்சுப் பின்னணும், அப்பதான் நடக்கும்போது சுருண்டு கீழ இறங்காது. ஷூ நம்பர் கேட்டா நீளம் தெரிஞ்சிடும்.

ஸ்வெட்டருக்கு அவர் அடிக்கடி போடுற, அவருக்குச் சரியா இருக்கிற சட்டை ஒண்ண போன தடவ போனப்போவே தரையில விரிச்சு அளந்துட்டு வந்துடுங்க. அகலம், கை நீளம், அக்குள்ல இருந்து கீழ வரைக்கும் உயரம், மூணும் போதும். அப்புறம் பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒண்ணு பின்னி, துவைச்சுக் காய வச்சு, கண்ணி எண்ணுங்க. டிகேங்கிற நடுத்தரத் தடிமன் நூல்ல 4 மில்லிமீட்டர் ஊசியில சாதாரணமா 22 கண்ணி வரும், உங்க கை இறுக்கம்னா 24 வரும், அந்த ரெண்டு கண்ணி வித்தியாசத்துல முழு ஸ்வெட்டரே ஒரு சைஸ் சின்னதாயிடும். சதுரம் போட்டுப் பாக்குறதுக்கு எல்லாரும் சோம்பல் படுறாங்க, இதுல மட்டும் நான் வகுப்புல கண்டிப்பா இருப்பேன்.

ஃப்ளைட்ல கண்ணி நழுவிடுச்சுன்னா என்ன பண்றது?

முதல்ல இழுக்காதீங்க. நழுவின கண்ணியில ஒரு சேஃப்டி பின்ன மாட்டிட்டு, வெளிச்சம் வர்ற வரைக்கும் அப்படியே விடுங்க. அப்புறம் சின்ன குரோஷே ஊசியால ஏணிப்படி மாதிரி நிக்கிற இழைய ஒவ்வொண்ணா மேல ஏத்திக்கலாம். டிசைன் வேலையா இருந்தா பத்து வரிசைக்கு ஒரு தடவ எல்லாக் கண்ணியிலயும் வேற நிற நூல் ஒண்ண கோத்து விட்டுடுங்க, எவ்ளோ கெட்டாலும் அந்த நூல் வரைக்கும்தான் பிரியும்.

இங்க இருக்கிற சூட்டுல கம்பளிய எப்படி வச்சிக்கிறது? பூச்சி அரிச்சிடுது.

பூச்சியில புழுதான் கம்பளிய தின்னும், அதுவும் வேர்வை, எண்ணெய் பட்டதுன்னா விரும்பித் தின்னும். அதனால துவைக்காம எடுத்து வைக்கவே கூடாது. நல்லா காஞ்சதும் காத்துப் போகாத பையில சிலிக்கா பாக்கெட்டோட போட்டு மூடுங்க, ஈரம் இருந்தா பூஞ்சை வந்துடும். அரிச்ச அடையாளம் தெரிஞ்சா பையோட ஃப்ரீசர்ல மூணு நாலு நாள், இல்ல ஒரு வாரமே வச்சு எடுங்க. நாப்தலின் உருண்டை நான் போடுறதில்ல, அந்த வாடை எத்தன துவைச்சாலும் போகாது, அவர் கழுத்துல சுத்திக்கிறதுல அந்த வாடை எதுக்கு.

துவைக்கிறது பச்சத் தண்ணியில, கசக்காம. சூடும் கசக்கலும் சேந்தா கம்பளி சுருங்கி அட்டை மாதிரி ஆயிடும். புழிய வேணாம், துண்டுல சுருட்டி அமுக்கி தண்ணிய எடுங்க. நம்ம புளோக்ல ஜன்னலுக்கு வெளிய மூங்கில் கழியில தொங்க விட்டா ஸ்வெட்டர் முழங்கால் வரைக்கும் நீண்டுடும், அதனால தரையில துண்டு விரிச்சு ஃபேனுக்குக் கீழ படுக்கப் போட்டுக் காய வைங்க.

காதலனுக்கு ஸ்வெட்டர் பின்னினா பிரிஞ்சிடுவாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

அது வெள்ளைக்காரங்க பின்னல்காரங்க நடுவுல இருக்கிற பழைய நம்பிக்கை. நான் நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவுல ஒண்ணு பின்னிட்டேன், ஒண்ணும் ஆகல. ஆனா அதுல ஒரு நியாயம் இருக்கிறதா எனக்குப் படுது. ஸ்வெட்டருக்கு மாசக் கணக்குல உழைப்பு போகும், குடுக்கும்போது அந்த உழைப்புக்குத் தகுந்த சந்தோஷத்த அவர் முகத்துல தேடுவோம், அவருக்கோ அது எவ்ளோ வேலைன்னே தெரியாது. அந்த ஏமாத்தத்துல சண்டை வரும். அதனால முதல்ல தொப்பி குடுங்க. போடுறாரா, அடிக்கடி போடுறாரா, பத்திரமா வைக்கிறாரான்னு ஒரு குளிர்காலம் பாத்துட்டு ஸ்வெட்டர் ஆரம்பிங்க. பின்றதயும் ஒளிச்சு வைக்காதீங்க, வீடியோ கால்ல பேசிட்டே பின்னுங்க, கை பிரிக்கிறதையும் பின்றதையும் அவர் பாக்கட்டும்.

பாக்குறதே மூணு மாசத்துக்கு ஒரு தடவ, அங்க போயும் பின்னிட்டு இருந்தா அவருக்குக் கோவம் வராதா?

எங்களுக்குள்ள முதல் வருஷம் வந்துச்சு. அஞ்சு நாள் லீவுல போயிருந்தேன், மூணாவது நாள் ராத்திரி, நீ என்னைப் பாக்க வந்தியா இல்ல அதை முடிக்க வந்தியான்னு கேட்டுட்டார். எனக்கு சுருக்குன்னு ஆச்சு. யோசிச்சுப் பாத்தா அவர் சொன்னது சரிதான், நான் கண்ணி எண்ணுற வேலைய எடுத்துட்டுப் போயிருந்தேன், அவர் பேசும்போதெல்லாம் இரு இருன்னு கை காட்டிட்டே இருந்திருக்கேன்.

அதுக்கப்புறம் அவர் வீட்ல இருக்கிற வேலைய எண்ணாம பின்ற வேலையா மாத்தினேன், பெரிய போர்வை, வெறும் நிட். அவர் முகத்தப் பாத்துப் பேசிட்டே பின்னலாம். சாப்பிடும்போது, வெளிய போகும்போது தொடுறதில்ல, அவர் ஆபீஸ் போற பகல் முழுக்க என் இஷ்டம். போர்வை நீளமானதும் இன்னொரு ஓரம் அவர் மடியில கிடக்கும், ஜூலை மாசம் அந்த ஊர்ல காலையில ஆறேழு டிகிரி, அப்ப அந்தப் பாதிப் போர்வையே வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு. இப்ப நூல்கண்டு பிரிச்சுச் சுத்தும்போது ரெண்டு கையையும் நீட்டிட்டு உக்காந்துக்கிறது அவர்தான்.

நான் ஆம்பள, என் மனைவி சென்னையில இருக்காங்க. நான் பின்னினா சிரிப்பாங்களா?

பின்னுங்க தம்பி. பெரு நாட்டுல டிட்டிகாக்கா ஏரியில தாக்கிலேன்னு ஒரு தீவு, அங்க பின்றது ஆம்பளைங்க வேலை, சின்னப் பையன்ல இருந்தே கத்துக்குவாங்க, அந்தத் தீவோட நெசவுக் கலைய 2005ல யுனெஸ்கோ சிறப்பிச்சிருக்கு. சென்னைக்குக் கம்பளி வேணாம், காட்டன் நூல்ல குரோஷே பை ஒண்ணு பின்னிக் குடுங்க. நாலு மணி நேர ஃப்ளைட்ல அடிப்பகுதி முடிஞ்சிடும்.

வீட்ல அவரைப் பத்தி இன்னும் சொல்லல. யாருக்குப் பின்றேன்னு அம்மா கேக்குறாங்க, என்ன சொல்ல?

பொய் சொல்லச் சொல்ல மாட்டேன்மா. ஒரு ஃப்ரெண்டுக்குன்னு சொல்றது பொய் இல்ல, அவ்ளோ சொல்லிட்டு நிறுத்திக்கோ. ஆனா ஆம்பள அளவு ஸ்வெட்டர் கூடத்துல வளந்துட்டே இருந்தா அம்மாவுக்குப் புரியாமலா இருக்கும். என் வகுப்புல ஒரு பொண்ணுக்கு அப்படித்தான் ஆச்சு, ஒரு நாள் அவங்க அம்மாவே பக்கத்துல உக்காந்து, கை நீளம் போதுமான்னு கேட்டாங்களாம், அன்னிக்கு ராத்திரிதான் அவ எல்லாத்தையும் சொன்னா. நீ சொல்லத் தயாரா இல்லன்னா சொந்த வீட்ல ஸ்வெட்டர வளக்காதே, மேல சொன்ன வழி வேலை மட்டும் போதும்.

பின்னினத அங்க சந்தையில வித்து டிக்கெட் காசு எடுத்துடலாமா?

கூடாது. சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு ஆஸ்திரேலியா ஈடிஏங்கிற மின்னணுப் பயண அனுமதி குடுக்கும், ஒரு தடவைக்கு மூணு மாசம் வரைக்கும் இருக்கலாம், ஆனா அதுல வேலை செய்ய அனுமதி கிடையாது, கடை போட்டு விக்கிறதும் வேலைதான். விசா போச்சுன்னா அவரைப் பாக்குறதே போயிடும்.

நாங்க பிரிஞ்சிட்டோம் அக்கா. பாதி பின்னின ஸ்வெட்டர் கிடக்கு, தூக்கிப் போடவும் மனசு வரல, பாக்கவும் முடியல.

தூக்கிப் போடாதே. இப்பவே பிரிக்கணும்னும் இல்ல, ஊசிய மட்டும் உருவி எடுத்துட்டு, கண்ணிங்கள ஒரு நூல்ல கோத்து முடிச்சுப் போட்டு, பையில சிலிக்காவோட மூடி மேல் அலமாரியில வை. கம்பளி காத்துட்டு இருக்கும், அதுக்கு அவசரம் இல்ல.

மனசு ஆறினதும் ஒரு நாள் எடுத்துப் பிரி. தனியா வேணாம், யாரையாவது கூட வச்சிக்கோ, என் வீட்டுக்கு வேணும்னாலும் வா. பிரிக்கப் பிரிக்க நாற்காலி முதுகுல சுத்திட்டே வரணும், நாலு இடத்துல காட்டன் நூலால தளர்வா கட்டணும், இல்லன்னா சிக்காயிடும். வர்ற நூல் சுருள் சுருளா நூடுல்ஸ் மாதிரி இருக்கும், பயப்படாதே. பச்சத் தண்ணியில அரை மணி நேரம் ஊற வச்சு, துண்டுல அமுக்கி, குளியலறையில தொங்க விட்டு கீழ லேசா ஒரு ஹேங்கர் மாட்டி விடு. ரெண்டு நாள்ல நேராயிடும். அப்புறம் பந்தா சுத்தி எடை போட்டுப் பாரு, முதுகுப் பக்கம் முடிஞ்சிருந்தாலே 200 கிராமுக்குக் குறையாது, உனக்கே ஒரு கார்டிகனுக்குப் பாதி நூல் ஆச்சு, மீதிக்கு அதே நிறம் கிடைக்கலன்னா கைக்கு வேற நிறம் போட்டுக்கலாம்.